நீலத் துணியில் வளர்ந்த பிள்ளை

கும்மிடிப்பூண்டி
10 ஜூலை 1977

என் தங்கச்சி ஞானத்துக்கு,

உன்னையும் உன் வீட்டுக்காரரையும் என் செல்ல மகன் ஆசீர்வாதத்தையும் கர்த்தர் தம் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். சும்மா எழுத்துக்குச் சுகம் இல்லை, நிஜமாகவே சுகம். மூன்று மாதம் தாண்டிவிட்டது ஞானம். முன்பு இரண்டு தடவை கையை விட்டுப் போனதால் யாரிடமும் வாயைத் திறக்கவே பயந்துகொண்டிருந்தேன். "ரயிலு பஸ்ஸு எதுலயும் ஏறக் கூடாது. உக்காந்து தைக்கிற வேலைன்னா செய்யி" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திருவாலங்காட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குகிற ஆசையைப் பொட்டலம் கட்டி மேலே வைத்திருக்கிறேன்.

தையல் கம்பெனியில் ஒரு கூத்து கேள். வெள்ளைக்காரம்மா ஒருவர் வந்தார். அவர் ஊரில் பெரிய துணிக்கடை வைத்திருக்கிறாராம். ஒரு கட்டுப் படங்களை மேசைமேல் பரப்பினார். எல்லாம் அந்தக் காலத்துப் பெரிய ஓவியர்கள் வரைந்ததை அச்சடித்த படங்கள். பேய் மாதிரி எழும்பும் ஒரு அலை, பால் ஊற்றுகிற ஒரு பெண், சுருக்கம் விழுந்த ஒரு கிழவர். இதையெல்லாம் ஜீன்ஸ் கோட்டின் முதுகில் கொண்டுவர வேண்டுமாம். பெயிண்ட் கூடாது, ஜீன்ஸ் துணியும் நூலும் மட்டும்தான். கட்டிங் மாஸ்டர் சடையப்பன் துணியைத் தடவிப் பார்த்து, "இன்னாம்மா இது, கோணி மாரி கீது. இதுல போயி படம் காட்டச் சொல்லிக்கினு" என்று சிரித்தார். நான் சும்மா இருக்காமல், "குடுங்க மாஸ்டர், நான் பார்க்கறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அதில் ஒரு படம் தாயும் பிள்ளையும். தாய் போர்த்தியிருப்பதே நீலம், ஜீன்ஸுக்கென்று வரைந்த மாதிரி. ஆனால் மடியில் இருக்கிற பிள்ளைக்குக் கிழட்டு முகம். எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் நம் பையனை உட்கார வைக்கப் போகிறேன். உடனே ஒரு போட்டோ பிடித்து அனுப்பு.

இன்லண்டில் இடம் முடிந்தது. பிள்ளையின் உள்ளங்காலில் எனக்காக ஒரு முத்தம்.

உன் அக்கா
சாராள்

~

திருவாலங்காடு
24 ஜூலை 1977

அன்பு அக்காவுக்கும் மாமாவுக்கும்,

ஸ்தோத்திரம். இங்கே மூன்று பேரும், அத்தையும் நலம். உன் கடிதத்தைப் படித்த சந்தோஷத்தில் அடுப்பை மறந்தேன், சோறு அடி பிடித்துப்போனது. அத்தை என்னைத் திட்டிக்கொண்டே வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் அங்கேயே முட்டி போட்டு ஜெபம் பண்ணினார். ஜாக்கிரதையாக இரு அக்கா. குடத்தைத் தொடாதே, மாமாவைத் தூக்கச் சொல்.

போட்டோவுக்கு வழியில்லை. அத்தைக்கு ஞானஸ்நானம் ஆகி எத்தனையோ வருஷம் ஆகியும் கன்னியம்மா என்ற பேரையும் விடவில்லை, பழைய சாத்திரத்தையும் விடவில்லை. "ஒரு வயசு ஆவறதுக்குள்ள படம் புடிச்சா ஆயுசு கொறையும்டி. பொறந்த நாள் வரட்டும், நானே ஸ்டூடியோவுக்குத் தூக்கினு வரேன்" என்கிறார். இவரிடம் சொன்னால், "அம்மா சொல்றாங்களே, இன்னா இப்போ அவசரம்?" என்கிறார். நாள் முழுக்கத் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டுகிறவருக்கு வீட்டில் மல்லுக்கட்டத் தெம்பில்லை.

அதனால் நான் சொல்லச் சொல்ல நீ தைத்துக்கொள். நெற்றி இவருடையது, அகலம். மூக்கு நம் அப்பா மூக்கு, பாவம் பையன். வலது காதின் மேல் ஓரம் உள்பக்கமாக மடிந்திருக்கும். கோபம் வந்தால் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் ஒளித்துக்கொள்வான். பல் இன்னும் வரவில்லை, ஈறு அரிக்கிறது போல, என் தோளைக் கடித்து எச்சில் பண்ணுகிறான். பக்கத்து வீட்டு கிரேஸின் பையனும் இவனும் ஒரே மாதம், ஆனால் இவன்தான் வாயாடி. இப்போதுகூட என் மடியில் கிடந்து பேனாவைப் பிடுங்குகிறான். கிறுக்கலாக இருந்தால் அவனைத் திட்டு.

உன் தங்கச்சி
ஞானம்மா

~

கும்மிடிப்பூண்டி
14 ஆகஸ்ட் 1977

என் ஞானத்துக்கு,

நாங்கள் இருவரும் நலம். அங்கே பேனா பிடுங்கி நலமா? உன் அத்தையோடு நேரில் வந்து சண்டை போடுகிறேன், அதுவரை காத்திருக்கட்டும்.

அலை படம் முடிந்துவிட்டது. ஜீன்ஸ் துணியின் ஓரத்தை ஊசியால் நெருடி நூல் நூலாகப் பிரித்தால் வெள்ளையாகக் குஞ்சம் தொங்குமே, அதையே நுரையாக வைத்துவிட்டேன். சடையப்பன் மாஸ்டர் பார்த்துவிட்டு, "பழவேற்காட்டுல நின்னா இப்டித்தாம்மா மூஞ்சில அடிக்கும்" என்றார். அதற்குப் பிறகு கோணி என்று சொல்வதை விட்டுவிட்டார்.

இப்போது தாயும் பிள்ளையும். உடம்பு நிறத்துக்கு என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். பிளீச்சிங் பவுடரில் போட்டு வெளுக்கச் சொன்னார்கள். எதற்கு? துணியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் மங்கலாக, பாதி வெள்ளை பாதி நீலமாக இருக்கிறது. துவைத்துத் துவைத்து எடுத்தால் நம் வீட்டுப் பிள்ளையின் நிறமே வந்துவிடும் போலிருக்கிறது. தாயின் தலையைச் சுற்றி வருகிற ஒளிக்கு ஜீன்ஸ் பேண்ட்டின் பித்தளைப் பொத்தான்கள். தாய்க்கு முகம் உன்னுடையது, கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

கைதான் வரவில்லை. ஒரு காகிதத்தில் அவன் கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. அதற்கெல்லாம் ஆயுசு குறையாது என்று உன் அத்தையிடம் சொல்.

பெரியம்மா கேட்டதாக அவனிடம் சொல். பதில் சீக்கிரம்.

சாராள்

~

திருவாலங்காடு
30 ஆகஸ்ட் 1977

சகலை தானியேல் அவர்களுக்கு ஜெயராஜ் எழுதுவது.

வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் உங்கள் மில் விலாசத்துக்கு எழுதுகிறேன். தனியாகப் போய்ப் படியுங்கள். அக்கா கண்ணில் இது படக் கூடாது.

எங்கள் பிள்ளை போய்விட்டான். வியாழக்கிழமை வயிற்றால் போக ஆரம்பித்தது, கூடவே காய்ச்சல். கை வைத்தியம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் காட்டலாம் என்று ரயில் ஏறினோம். கடம்பத்தூர் தாண்டியதும் ஞானம் என் சட்டையைப் பிடித்து, "இன்னாங்க, கையி சில்லுனு ஆவுது" என்றாள். அவ்வளவுதான். திருவள்ளூரில் இறங்கி, ஊர் திரும்ப எதிர் பிளாட்பாரத்தில் அரக்கோணம் வண்டிக்காக நின்றோம். தூங்குகிற பிள்ளையைப் போல அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலமே அடக்கம். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா சொல்கிறார்கள், "முழுவாம கீற பொண்ணு காதுல சாவு சேதி விழக் கூடாதுடா. ஏற்கெனவே ரெண்டு போயிருக்கு." ஞானமும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்கு எதுனா ஆச்சுன்னா நான் அப்புறம் மனுஷியா இருக்கமாட்டேன்" என்றாள். ஆகையால் பிரசவம் ஆகிறவரை மூச்சு விடாதீர்கள். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

ஜெயராஜ்

~

கும்மிடிப்பூண்டி
19 செப்டம்பர் 1977

சகலை ஜெயராஜுக்கு,

உங்கள் கடிதத்தை மில்லுக்குப் பின்னால் நின்று படித்தேன். கர்த்தர் உங்கள் இருவரையும் தாங்க வேண்டும். உடனே ஓடி வந்திருக்க வேண்டும். கிளம்பினால் எதற்கு என்று கேட்பாள். வராமல் போனதற்கு மன்னியுங்கள்.

வீட்டுக்குள் நுழையவே கஷ்டமாக இருக்கிறது. எப்போது பார்த்தாலும் அவள் மடியில் அந்த நீலத் துணி. "பாருங்க, காது வந்துடுச்சு. ஞானம் சொன்ன மாரியே மடிஞ்சிருக்கு" என்று தூக்கிக் காட்டுகிறாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

இப்போது ஒரு சிக்கல். தங்கச்சியிடமிருந்து பதில் இல்லை என்று தினமும் தபால்காரரை வழிமறிக்கிறாள். நேற்று, "பிள்ளைக்கு உடம்பு சரியில்லபோல. இந்த வாரமும் லெட்டர் வரலன்னா நான் வண்டி ஏறிடுவேன், டாக்டரம்மா இன்னா வேணா சொல்லிக்கட்டும்" என்றாள். ஏறிவிடுவாள், அவளை உங்களுக்குத் தெரியும். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். ஞானம் இரண்டு வரி எழுத முடியுமா? எல்லாரும் சுகம் என்று மட்டும் இருந்தால் போதும்.

தானியேல்

~

திருவாலங்காடு
2 அக்டோபர் 1977

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே. மழையில் கூரை ஒழுகியது, அந்த வேலையில் நாள் போய்விட்டது.

ஆசீர்வாதம் சுகம். நீ கேட்ட கையை வரைந்து இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். நடுவில் அசைந்துவிட்டதால் சுண்டுவிரல் கொஞ்சம் கோணலாக இருக்கும், சரி பண்ணிக்கொள். இப்போது தூங்குகிறான்.

நீ ரயில் ஏறாதே. என் மேல் ஆணை.

ஞானம்மா

~

கும்மிடிப்பூண்டி
23 அக்டோபர் 1977

அடி கஞ்சப் பிசினாரி ஞானத்துக்கு,

உனக்கும் உன் வீட்டாருக்கும் சமாதானம் உண்டாகட்டும். இவ்வளவு நாள் தவிக்கவிட்டு நாலு வரியா? பிள்ளை பெற்றவளுக்குப் பேனா பிடிக்க நேரமில்லை என்று உன் மாமா உனக்காக வக்காலத்து வாங்குகிறார். பிழைத்துப் போ.

ஆனால் கை வந்ததே, அது போதும். காகிதத்தைப் பிரித்ததும் அதன் மேல் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். என் கைக்குள் முழுசாக அடங்கிவிட்டது. அந்த அச்சுப் படத்தில் பிள்ளையின் விரல்கள் மெழுகுவத்தி மாதிரி இருக்கும். நான் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து, தாயின் போர்வையைப் பிடித்திருக்கிற மாதிரி தைத்துவிட்டேன். சுண்டுவிரலைச் சரி பண்ணவில்லை, கோணலாகவே இருக்கட்டும், அதுதான் அழகு.

என்னுடையதும் உதைக்க ஆரம்பித்துவிட்டது. மிஷினை மிதித்தால் உள்ளேயிருந்து அதுவும் மிதிக்கிறது. இரவில் பயம் வரும்போதெல்லாம் உன் பிள்ளையை நினைத்துக்கொள்கிறேன், தைரியம் வருகிறது.

இப்போது எட்டு மாதமாகிறதே, உட்காருகிறானா? தவழ்கிறானா? பல் வந்ததா? யாரைக் கண்டால் அழுகிறான்? ஒன்று விடாமல் எழுது. முகத்தை இன்னும் முடிக்கவில்லை, உன் கடிதத்துக்காக வைத்திருக்கிறேன்.

சாராள்

~

திருவாலங்காடு
13 நவம்பர் 1977

அக்காவுக்கு,

உன் வயிற்றில் இருப்பதற்கும் உனக்கும் மாமாவுக்கும் என் அன்பு முத்தங்கள். எல்லாரும் நலம்.

உட்காருகிறான். முதலில் தலையணை முட்டுக் கொடுத்து, இப்போது தானாகவே. தவழ்கிறான் என்றால் முன்னால் வரமாட்டான், பின்னால்தான் போவான். அப்படியே கட்டிலுக்கடியில் போய் மாட்டிக்கொண்டு ஊரைக் கூட்டுவான். அத்தை காலைப் பிடித்து இழுத்து, "இன்னாடா, ரிவர்ஸ் வண்டி" என்பார். கூட்ஸ் வண்டிச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் வாசலைப் பார்த்துக் கை ஆட்டுவான். ஒரு நாள் கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு பதிலுக்குப் பச்சைக்கொடியை ஆட்டினார், அன்று பூராவும் ஒரே சிரிப்பு. தபால்காரரைக் கண்டால் அழுகை. கேழ்வரகுக் கூழ் பிடிக்கும், பால்சோறு பிடிக்காது, துப்பிவிடுவான்.

பல் வந்துவிட்டது அக்கா. கீழே இரண்டு. பச்சரிசி மாதிரி. என் விரலை வாயில் விட்டுப் பார்த்தேன், நறுக்கென்று கடித்துவிட்டான்.

எழுத உட்கார்ந்தால் கை நிற்கமாட்டேன் என்கிறது. அவர் இதைப் பாதி படித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார், அவருக்குப் பொறுமை கிடையாது. நீ கேள், இன்னும் கேள். நான் எழுதுகிறேன்.

ஞானம்மா

~

கும்மிடிப்பூண்டி
11 டிசம்பர் 1977

என் கண்ணே ஞானத்துக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நாங்கள் நலம், எனக்குக் கால் மட்டும் வீங்கியிருக்கிறது. உன் கடிதத்தை ஷெட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "ரிவர்ஸ் வண்டி" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மூடியபடி தைத்திருந்த வாயைப் பல்லுக்காகப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். சிரிக்கிற வாய், கீழே வெள்ளை நூலில் இரண்டு முடிச்சு. "படத்துல பல்லே இல்லியே, வெள்ளக்காரம்மா ஒதைக்கப் போறாங்க" என்று சடையப்பன் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தம்மா வந்தார். அலையைப் பார்த்தார், பால்காரியைப் பார்த்தார், இதன் முன்னால் மட்டும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு சுண்டு விரலால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். இருநூறு கோட்டுக்கு ஆர்டர், ஞானம்! எங்கள் முதலாளி ஆதிநாராயணன், "இனிமே இந்தம்மா மிஷின்ல உக்கார வேணாம், மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தா போதும்" என்று நாற்காலி போட்டுவிட்டார். இப்போது ஷெட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெண்கள் மடியில் உன் மகன் உட்கார்ந்திருக்கிறான்.

பிரசவம் முடிந்து டாக்டரம்மா சரி என்றதும் முதல் வண்டியில் அங்கே வருவேன். இரண்டையும் ஒரே பாயில் போட்டுப் பார்க்க வேண்டும். என் பிள்ளையை அவன் கடிக்காமல் பார்த்துக்கொள். நடக்க ஆரம்பித்ததும் எழுது.

சாராள்

~

கும்மிடிப்பூண்டி
12 பிப்ரவரி 1978

ஞானம்,

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை.

பெண் பிறந்தது உனக்குத் தெரியும், உன் மாமா எழுதிவிட்டாராம். நீ பதில் போடாததால் நேரில் போய்ச் சண்டை போடலாம் என்று நேற்றுப் பெட்டியில் துணி அடுக்கினேன். அவர் பெட்டியை மூடி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார். ஆகஸ்டிலேயே என்றார்.

அவரை அடித்தேன் ஞானம், இந்தக் கையால். தடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு உன் கடிதங்களை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். பாவி, எந்த மனசோடு எழுதினாய்? நானும் விடாமல் கேட்டேனே, தவழ்கிறானா, பல் வந்ததா என்று. என் வாயில் மண்ணை அள்ளிப் போட. அதையெல்லாம் ஊர் சிரிக்கப் படித்து வேறு காட்டினேன். மகளுக்குப் பால் கொடுக்க எடுத்தால் உன் நினைப்பு வந்துவிடுகிறது. அவள் அழுகிறாள், நானும் அழுகிறேன்.

இருநூறு கோட்டும் கப்பலுக்குப் போய்விட்டன. தெரிந்திருந்தால் விட்டிருக்கமாட்டேன். யார் யார் முதுகிலோ போகிறானே என் மகன். நான் முதலில் தைத்தது மட்டும் மாதிரிக்கென்று கம்பெனியில் இருந்தது. முதலாளியிடம் போய் நின்றேன். காரணம் கேட்டார், சொன்னேன். "எத்துக்கினு போம்மா" என்றார். தபாலில் போட மனசு வரவில்லை, உன் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். வைத்துக்கொள், இல்லை எரித்துவிடு. உன் இஷ்டம். என்னை மன்னிக்கிறாயா என்று மட்டும் எழுது.

சாராள்

~

திருவாலங்காடு
5 மார்ச் 1978

அன்பு அக்காவுக்கும் என் சின்ன மகளுக்கும்,

உங்கள் இருவரின் சுகமும் கேட்க ஆவல். மாமா வந்து கோட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அழுதுகொண்டிருந்தார். அவரை இனிமேல் அடிக்காதே.

எரிக்கவில்லை. அத்தை முதலில் கிட்டே வரவில்லை, அப்புறம் வந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தார். நான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். என் முகத்தை இவ்வளவு அழகாக வைக்க உனக்குத்தான் மனசு வரும்.

அக்கா, அந்தக் கை அவனுடையது இல்லை. நீ கேட்டபோது என்னிடம் கை ஏது? கிரேஸ் வீட்டுக்குப் போய், அவள் பையன் கையைக் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பிள்ளையின் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அசைந்தது அவன் இல்லை, என் பென்சில். பல்லும் அவனுக்கு வரவே இல்லை. நான்தான் வர வைத்தேன். அத்தனையும் என் பொய் என்று தெரிந்துமே, கோட்டில் அந்தப் பல்லைப் பார்த்ததும் "ஐயோ, வந்துடுச்சே" என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டேன்.

எந்த மனசோடு எழுதினாய் என்று கேட்டாயே. முதல் கடிதம் உனக்காகத்தான். உன் உயிரை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அதற்குப் பிறகு அப்படி இல்லை அக்கா. எப்போது உன் கடிதம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். உட்காருகிறானா என்று நீ கேட்டாய், நான் நாள் முழுக்க யோசித்தேன், உட்கார்ந்தான். தவழ்கிறானா என்றாய், தவழ்ந்தான். இந்த வீட்டில் அவன் பேரைச் சொல்லவே எல்லாருக்கும் பயம். நீ ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருந்தாய். நடக்க ஆரம்பித்ததும் எழுது என்று டிசம்பரில் கேட்டாயே, எழுத உட்கார்ந்தேன். அதற்குள் உனக்குப் பெண் பிறந்த சேதி வந்துவிட்டது. இவர் ஓடி வந்து, "அப்பாடா ஞானம், நல்லபடியா ஆயிடுச்சு. இனிமே நீ பொய் எழுத வேணாம்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அவன் செத்தான். அடக்கத்தன்று அழாததையெல்லாம் சேர்த்து அன்றைக்கு அழுதேன். பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை.

மன்னிப்பு என்றெல்லாம் எழுதாதே, எனக்கு வலிக்கிறது. மகளுக்கு வயிறு நிறையப் பால் கொடு. அவளைத் தூக்கிக்கொண்டு வா. பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீடாயிற்றே என்று யோசிக்காதே, அவளைத் தூக்க என் கை காத்திருக்கிறது.

வருவதற்கு முன்னால் ஒரு கடிதம் போடு. அதில் இந்த ஒரு தடவை மட்டும், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம், ஆசீர்வாதம் நடக்கிறானா என்று கேள். நான் எழுதுகிறேன்.

உன் தங்கச்சி
ஞானம்மா